தேக்குக் கணக்கு: கேளுங்க, சொல்லுறன்

மட்டக்களப்பில கனகாலம் மரக்காலை நடத்தின ஆள் நான். தேக்கைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒண்டொண்டா பதில் போடுறன். கேட்ட ஆளிட ஊரை முன்னுக்குப் போட்டிருக்கன்.

செங்கலடி: அண்ணன், உலகத்தில தேக்குக்குப் பஞ்சமாம். என்ட ஒரு ஏக்கரில 400 மரம் நிக்கிது, 12 வருசம். வெட்டட்டா?

பஞ்சம் உண்மைதான் தம்பி. ஆனா அது பருத்த மரத்துக்கு. தாய்லாந்து 1989இல காட்டுமரம் வெட்டுறதையே நிப்பாட்டிட்டுது. மியன்மார் 2014 ஏப்ரலோட அரியாத மரத்தை ஏத்துமதி செய்யிறதைத் தடுத்துட்டுது. அந்த வெற்றிடத்தை கானா, ஐவரி கோஸ்ட், பனாமா, பிரேசில் எண்டு தோட்டத் தேக்கு நிரப்பப் பாக்குது. ஆனா அதில கனக்க 20, 25 வருசத்தில விழுத்திற மரம், பருமன் காணாது. வாங்கிறதில முன்னுக்கு நிக்கிறது இந்தியா.

உங்கட 12 வருச மரத்தை அரிஞ்சா வெளிச்சுத்து வெள்ளைதான் கூட, நடுவில இருக்கிற கெட்டியான வைரம் விரல்கணக்கு. வியாபாரி வயசைக் கேக்கிறதில்ல, சுற்றளவைத்தான் அளப்பான். சுற்றளவு கூடக் கூட ஒரு கன அடிக்கே விலை ஏறும். அதால எல்லாத்தையும் இப்ப வெட்டாதீங்க, கலையுங்க, அதாவது இடையில சிலதை மட்டும் எடுத்து மிச்சத்துக்கு இடம் விடுங்க. பத்தடிக்கு ஒண்டா வைச்சிருக்கிறீங்க. நாலஞ்சு வருசத்திலயே முதல் கலைப்பு நடந்திருக்கணும். வளைஞ்சது, கவர் விட்டது, ஒடுங்கினதெல்லாத்தையும் எடுத்துப் பாதியாக்குங்க. வளந்த மரத்தில கை வைக்க மனசு வராது, தெரியும். நெருக்கத்தில விட்டா எல்லாமே கம்பாத்தான் நிக்கும்.

அக்கரைப்பற்று: காக்கா, வயலோரம் வைக்கலாமா?

தண்ணி தேங்கிற இடமெண்டா வேணாம். தேக்குக்கு வடிகிற மண் வேணும். மேட்டுக்காணி பாருங்க.

கல்முனை: நான் தளபாடக்கடை நடத்திறன் சேர். 'எஃப்.எஸ்.சி.' முத்திரை இருந்தா நல்ல மரமா?

இல்ல மகள். 1993இல தொடங்கின காடு பராமரிப்புச் சபையிட (Forest Stewardship Council) முத்திரை அது, வைரத்தைப் பத்திப் பேசாது. மரம் எந்தக் காட்டால வந்தது, அந்தக் காட்டை ஒழுங்கா பராமரிக்கிறாங்களா, வழியில வேற மரம் கலந்ததா, இதுகளைத்தான் சொல்லும். ஐரோப்பாக்காரன் இதைக் கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. 2021இல மியன்மாரில இராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு, அங்கத்த அரச மர நிறுவனத்துக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டுது. ஒரு ஏக்கர்க்காரன் தனிய அந்த முத்திரை எடுக்கப் போனா தணிக்கைச் செலவே மரத்தைத் தின்றிடும். பல பேர் குழுவாச் சேர்ந்து எடுக்கிற வழியும் இருக்கு.

வாழைச்சேனை: தேக்கு எங்கட நாட்டு மரம்தானே?

இல்ல. இந்தியா, மியன்மார், தாய்லாந்து, லாவோஸ், இந்த நாலுதான் அதுக்குத் தாய்வீடு. கேரளத்து நிலம்பூரில 1840களில நட்டதில சிலது இன்னும் நிக்கிது. வைரம் எண்டா அது!

சம்மாந்துறை: ஒரு கொம்பனி மரத்துக்குக் காசு கட்டச் சொல்லுது. 20 வருசத்தில பல மடங்காம். நம்பலாமா?

நானும் ஒருக்கா கட்டினனான், பேர் வேணாம். மறுகா போய்ப் பாத்தா என்ட மரம் எதெண்டு காட்ட ஆளில்ல. காணி யார்ட பேரில, கலைப்புக் காசு யாருக்கு, இருபதாம் வருசச் சுற்றளவை என்னத்தை வைச்சுச் சொல்றாங்க? மூண்டுக்கும் எழுத்தில பதில் வாங்குங்க.

வவுணதீவு: என்ட காணி மரத்தை நானே ஏத்தலாம்தானே?

பெர்மிட் இல்லாம லொறியில ஏத்தாதீங்க. வன இலாகா அலுவலகத்துக்குக் காணி உறுதியோட முதல்ல போங்க, மரம் நிக்கக்குள்ளயே. விழுத்தின பிறகு போனா, கேள்வி அவங்கட பக்கமிருந்து வரும்.