லாரிக்குப் பின்னால் ஏன் இத்தனை டயர்கள்? சில சக்கரங்கள் ஏன் அந்தரத்தில் தொங்குகின்றன?

முன்னால் இரண்டே டயர், பின்னால் எட்டு, பத்து என்று இருக்கிறதே, அதிலும் சில தரையைத் தொடவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரக்கின் எடை பெரும்பாலும் பின் அச்சுகள் மேல்தான் இறங்குகிறது. ஒரு டயர் தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு. அதனால் பின் அச்சின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு டயர்களை ஜோடியாக மாட்டுகிறார்கள். முன் சக்கரங்கள் திரும்ப வேண்டியவை, அங்கே ஜோடி சரிப்படாது.

சரி, டயரைக் கூட்டினால் போதாதா, கூடுதல் அச்சு எதற்கு? சாலைக்காக. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. சாலையின் சேதம் அச்சு எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்பது அதிலிருந்து கிடைத்த கணக்கு. அதாவது, ஓர் அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு! அதே சுமையை இரண்டு அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் மொத்தச் சேதம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. லாரி விஷயத்தில் இதைவிட முக்கியமான கணக்கு இல்லை என்பேன்.

அப்புறம், அந்தரத்தில் தொங்குவது லிஃப்ட் அச்சு. வண்டி காலியாகப் போகும்போது அதைத் தூக்கிவிடுவார்கள். டயர் வீணாகத் தேயாது, திருப்பங்களில் தரையோடு இழுபடாது. லோடு ஏற்றியதும் இறக்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் மற்ற அச்சுகள் அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும்.