அம்மாச்சியின் சால்வையைப் பார்த்தே பின்ன முடியுமா? லேஸ் குரோஷா கேள்வி-பதில்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "படத்தில் இருப்பது என்ன பின்னல்?" முழுச் சால்வையையும் தோளில் போட்டு எடுத்த படத்தில் அழகு தெரியும், தையல் தெரியாது. கறுப்புத் துணி மேல் பரப்பி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் என மூன்று படம் எடுங்கள். குரோஷா என்பது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது. அதில் சிங்கிள் என்றால் ஊசியில் நூலைச் சுற்றாமல் போடும் குட்டைத் தையல், டபுள் என்றால் ஒரு முறை சுற்றிப் போடும் உயரத் தையல்; கீழே இப்பெயர்கள் வருவதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. ஏன் என்பது செங்கோட்டை வாசகிக்கான பதிலில் இருக்கிறது.

மார்த்தாண்டம் வாசகி: அம்மாச்சி பெட்டியில் வைத்திருந்த வெள்ளைச் சால்வை. நடுவில் மெல்லிய துணி, சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு லேஸ். குரோஷா என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள். அதே மாதிரி பின்ன எந்த ஊசி வாங்கலாம்?

ஊசியை விடுங்கள், முதலில் ஒரு லென்ஸ் வாங்குங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் கண்ணியே இல்லை. நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி, சில இடங்களில் தறித்துணி போல நெருங்கி, சில இடங்களில் முறுக்கிக்கொண்டு போகின்றன. அது பில்லோ லேஸ். திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய பல ஜோடிக் குச்சிகளை, அதாவது பாபின்களை, மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. 1820-களில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை இந்த வகைதான். நம் பக்கத்துப் பழைய பெட்டிகளில் இது கிடைப்பதில் வியப்பில்லை.

குரோஷா என்றால் எந்த இடத்தைப் பார்த்தாலும் ஒரே நூல்தான் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு தையலின் தலையிலும் சங்கிலி போல ஒரு 'வி' படுத்திருக்கும்; அதன் கீழே தூண் நிற்கும். ஊசி இரண்டு வைத்துப் பின்னும் நிட்டிங்கில் தூணே இருக்காது, 'வி' மேல் 'வி' அடுக்கிக்கொண்டே போகும். ஒரு கண்ணி விட்டால் மேலிருந்து கீழ்வரை ஏணி போல ஓடிவிடும். குரோஷாவில் அப்படி ஓடாது, கடைசி முனையிலிருந்து பின்னோக்கித்தான் பிரியும். கையால் முடிச்சு முடிச்சாகப் போடும் டாட்டிங் லேஸ் தொட்டாலே தெரியும்: சின்னச் சின்ன முடிச்சுகள் வரிசையாக நிற்கும் கெட்டியான வளையங்கள், இழுத்தாலும் பிரியாது.

குரோஷாவில் அந்தத் தோற்றத்துக்குக் கிட்டத்தில் வருவது புரூஜ் லேஸ். ஐந்தாறு டபுள் அகலத்தில் ஒரு ரிப்பனைப் பின்னி, ஒவ்வொரு திருப்பத்திலும் 5 சங்கிலி வளையம் விட்டு, வளைவுகளில் அந்த வளையங்களைக் கோத்துக்கொண்டே போவது. அச்சு அசலாக வராது. வேண்டியது அதே சால்வைதான் என்றால் குரோஷாவால் ஆகாது, பாபின் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி: ஒரு ஸ்டோல் முழுக்க நாணயம் அடுக்கியது போல வட்டக் கண்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து இழை சேர்ந்து சுழிகின்றன. இதன் பெயர்?

புரூம்ஸ்டிக் லேஸ். வழக்கமான குரோஷா ஊசியோடு 20 முதல் 25 மி.மீ. தடிமனில் வழவழப்பான ஒரு கோல் வேண்டும். கடையில் தனி ஊசி தேட வேண்டாம், அந்தத் தடிமனில் பிவிசி குழாய்த் துண்டு போதும். வெட்டிய முனையை உப்புத்தாளில் தேய்க்காவிட்டால் நூல் சிக்கும்.

கண்ணி எண்ணிக்கை ஐந்தின் மடங்காக இருக்க வேண்டும். 4 மி.மீ. ஊசியும் 100 கிராமுக்கு 400 மீட்டர் வரும் நூலும் என்றால், 45 செ.மீ. அகல ஸ்டோலுக்கு 100 தையல் சரியாக இருக்கும்; அதற்கு 101 சங்கிலி போட்டு, இரண்டாவது சங்கிலியிலிருந்து தொடங்குங்கள். ஒரு வரி சிங்கிள் போடுங்கள். கடைசிக் கண்ணியை நீட்டிக் கோலில் மாட்டி, திருப்பாமல், வந்த வழியே பின்னோக்கி ஒவ்வொரு சிங்கிளிலும் ஊசியை விட்டு நூலை இழுத்துக் கோலில் ஏற்றிக்கொண்டே போங்கள். கோலில் 100 கண்ணி இருக்கிறதா என்று எண்ணுங்கள். பிறகு முதல் ஐந்து கண்ணிகளுக்குள் ஊசியை ஒன்றாக விட்டு, நூலை இழுத்து, 1 சங்கிலி போட்டு, அதே ஓட்டைக்குள் 5 சிங்கிள். அடுத்த ஐந்து, மீண்டும் 5 சிங்கிள். இப்படி 20 கொத்து முடிந்தால் 100 சிங்கிள் திரும்ப வந்துவிடும்.

பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதல் கொத்தில் போடும் அந்த 1 சங்கிலியைத் தையலாக எண்ணினால் வரிக்கு ஒன்று குறைந்துகொண்டே போகும். இரண்டாவது, ஊசியை ஒரு கொத்துக்கு வலமிருந்தும் இன்னொன்றுக்கு இடமிருந்தும் விட்டால் சுழி மாறி மாறிப் படுக்கும். அது ஒரு சால்வை முடிந்து விரித்துப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும், அழுகையே வரும்.

சட்டத்தில் இரண்டு கம்பிக்கு நடுவே பின்னும் ஹேர்பின் லேஸை இதனோடு குழப்புகிறவர்கள் உண்டு. அதில் நடுவே முதுகெலும்பு போல ஒரு கோடு ஓடும், வளையங்கள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டை பட்டையாகச் செய்து பிறகு சேர்ப்பது அது.

செங்கோட்டை வாசகி: பழைய புத்தகத்தில் 'டபுள்' என்று இருப்பதைத்தான் போட்டேன். வரவேண்டிய உயரத்துக்கு மேலே போய், வலை மாதிரி தொளதொள என்று ஆகிவிட்டது.

பழைய புத்தகம் பிரிட்டிஷ் கணக்கு, நீங்கள் வீடியோ பார்த்துக் கற்றது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் டபுள்தான் அமெரிக்க சிங்கிள். பிரிட்டிஷ் ட்ரெபிள்தான் அமெரிக்க டபுள். எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகத்தில் எங்காவது 'சிங்கிள்' தையலை வரி வரியாகப் போடச் சொன்னால் அது அமெரிக்கம். குறியீட்டுப் படம் இருந்தால் பெயரைப் பார்க்கவே வேண்டாம்: 'டி' எழுத்தின் குறுக்கே ஒரு கோடு என்றால் ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிப் போடும் தையல், எந்த நாடானாலும்.

களியக்காவிளை வாசகி: கட்டம் கட்டமாக, சில கட்டம் நிரம்பி ரோஜாப்பூ தெரிகிற சால்வை. எத்தனை சங்கிலி போட்டுத் தொடங்குவது? நான் போட்டால் கட்டம் சப்பையாகிறது, ஓரமும் உள்ளே போகிறது.

இது ஃபிலே. காலிக் கட்டம் என்றால் ஒரு டபுள், 2 சங்கிலி. நிரம்பிய கட்டம் என்றால் அந்த 2 சங்கிலிக்குப் பதில் 2 டபுள். அடுத்த டபுள் இரண்டு கட்டத்துக்கும் பொது. அதனால் கட்ட எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் கட்டம் நிரம்பியதென்றால் 3 கூட்டுங்கள், முதல் டபுள் ஊசியிலிருந்து 4-வது சங்கிலியில் விழும். முதல் கட்டம் காலி என்றால் 5 கூட்டுங்கள், முதல் டபுள் 8-வது சங்கிலியில். 60 கட்டத்துக்கு 183 அல்லது 185.

சப்பையாவது உங்கள் கை பிழையில்லை. பலருக்கு டபுளின் உயரம் மூன்று தையல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். டபுளின் முதல் கண்ணியை இழுக்கும்போது ஒரு நூல் தடிமனுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அமெரிக்க ட்ரெபிளுக்கு மாறுங்கள், அதாவது நூலை இரண்டு முறை சுற்றிப் போடும் தையலுக்கு. வரி தொடங்கும்போது முதல் தையலுக்குப் பதிலாகப் போடும் திரும்பும் சங்கிலியும் ஒன்று கூடும். பழைய சால்வையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் கட்டம் சப்பையாகவே இருக்கட்டும், அசலும் அப்படித்தான் இருக்கும்.

ஓரம் உள்ளே போவது வேறு காரணம். வரி முடியும்போது கடைசி டபுளை முந்தைய வரியின் திரும்பும் சங்கிலியில், கீழிருந்து மூன்றாவது சங்கிலியில் போட வேண்டும். அது தையல் போலத் தெரியாததால் விட்டுவிடுகிறார்கள்.

முளகுமூடு வாசகி: முக்கோணச் சால்வை ஒன்று கையில் இருக்கிறது, எங்கிருந்து தொடங்கியது என்றே தெரியவில்லை. குத்துமதிப்பாகப் பின்னினேன், கழுத்து கூராகி இரண்டு முனையும் கீழே தொங்குகிறது.

தொடக்கம் தெரிய, ஒரே இடத்திலிருந்து தையல்கள் விரியும் விசிறி வடிவத்தைப் பாருங்கள். விசிறியின் குறுகிய அடி தொடக்கத்தின் பக்கம், விரிந்த பக்கம் முடிவின் பக்கம். சங்கிலி வளைவுகளும் முடிவை நோக்கித்தான் குவிந்திருக்கும். அன்னாசி வடிவம் இருந்தால் இன்னும் சுலபம்: கனத்த விசிறி அடி, அதன் மேல் வளைவுகள் வரிக்கு ஒன்றாகக் குறைந்து ஒன்றில் முடியும், அந்த நுனி காட்டும் திசையில்தான் வேலை நடந்திருக்கிறது. உங்கள் படத்தில் விசிறிகள் எல்லாம் கீழே விரிகின்றன, ஆகவே பிடரியின் நடுவில் வளையம் போட்டுத் தொடங்கியது.

இப்போது கணக்கு. டபுள் தையலில் மேல் விளிம்பு நேராக நிற்க ஒவ்வொரு வரியிலும் 8 தையல் கூட வேண்டும்: நடு மூலையில் 4 (2 டபுள், 2 சங்கிலி, 2 டபுள்), இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு. சிங்கிள் உயரம் பாதி என்பதால் 4 போதும். நீங்கள் ஓரங்களில் ஒன்றுதான் கூட்டியிருப்பீர்கள், அதனால்தான் முனை தொங்குகிறது. ஓரத்தில் அதிகம் கூட்டினால் முனைகள் கொம்பு போல மேலே வளையும். நேரியல் மேல்துண்டு மாதிரி முன்னால் இழுத்துப் போடுகிறவர்களுக்கு அந்த லேசான வளைவு தோளில் நன்றாக நிற்கும். வரிக்கு ஒன்று கூடுதலாக வைத்துப் பாருங்கள். நடு மூலையில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கே கூடினால் பாவாடைக் கொசுவம் போல அலையும்.

குளச்சல் வாசகி: கண்காட்சியில் 'கையால் பின்னிய குரோஷா' என்று மலிவாக வாங்கினேன். உண்மையா?

இல்லை என்றே தோன்றுகிறது. பின்பக்கத்தில் நூல் நெடுக்குக் கோடுகளாக இடைவிடாமல் ஓடுகிறது, பக்க விளிம்பு ஓவர்லாக் அடித்திருக்கிறது. இது மிஷின் பின்னல். கைப் பின்னலில் வரிக்கு வரி திருப்புவதால் ஒரு வரி முகமும் அடுத்தது முதுகுமாக வரும், தொடங்கிய விளிம்பும் முடித்த விளிம்பும் ஒன்றுபோல இருக்காது, எங்காவது நூல் முனையை ஊசியால் ஒளித்திருப்பார்கள். கண்ணியே இல்லாமல் எம்பிராய்டரி நூல் அப்பியது போலக் கெட்டியாக இருந்தால், கரையும் துணி மேல் தைத்துக் கரைத்தெடுத்த லேஸ். நிஜக் கைவேலை வேண்டுமென்றால் ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷாவைக் கேளுங்கள். 2024-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த விலைக்குக் கிடைக்காது.

பாறசாலை வாசகி: நம் ஊர் ஈரத்துக்கு எந்த நூல், எவ்வளவு? இடவப்பாதி மழையில் துவைத்தால் காயுமா?

பருத்தி. நூல் எண் ஏறினால் நூல் மெலியும்: 10 தடிமன், 40 மெல்லிசு. 10-ம் எண்ணுக்கு மேஜை விரிப்பென்றால் 1.5 மி.மீ. ஊசி, சால்வைக்கு அது அட்டை போல நிற்கும், 2.5 அல்லது 3 மி.மீ. எடுங்கள். பெயர்ச்சீட்டு இல்லாத நூலா? ஒரு துண்டைக் கொளுத்துங்கள்: காகித வாசமும் பொடிச் சாம்பலும் பருத்தி, முடி கருகும் வாசம் கம்பளி, கறுப்புக் குண்டாக உருகினால் அக்ரிலிக்.

அளவுக்கு, 10 செ.மீ. சதுரம் பின்னி, நனைத்து விரித்துக் காய்ந்த பிறகு அளந்து, கிராமில் எடை போடுங்கள். 160 செ.மீ. அகலம், 80 செ.மீ. ஆழ முக்கோணம் 6,400 சதுர செ.மீ., அதாவது 64 சதுரம். ஒன்று 3 கிராம் என்றால் 192. ஓரமும் வீணும் சேர்த்து 220 கிராம் ஒரே சாய எண்ணில், அதாவது ஒரே தடவை சாயமிட்ட நூலாக, வாங்கிவிடுங்கள்.

முடித்ததும் 20 நிமிடம் நீரில் ஊறவிட்டு, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, மெத்தை மேல் துருப்பிடிக்காத குண்டூசியால் அளவுக்கு விரித்துக் குத்துங்கள். மழைக்காலத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் ஆகும், நடுவில் எடுத்தால் சுருங்கிவிடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுகொண்டே போகும். கஞ்சி வேண்டாம்: மடிப்பில் பூஞ்சை பிடிக்கும், அலமாரியில் வெள்ளிப்பூச்சி தேடி வரும்.