கம்பெனி காரை விட்டுவிட்டு மாதாமாதம் பணமாக வாங்கிக்கொள்ளலாமா?

கேட்டவர் இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் வேலை பார்க்கிறார். சம்பளம் 46,000 பவுண்ட். கம்பெனி கொடுத்த பெட்ரோல் காரின் லீஸ் முடியப் போகிறது. இன்னொரு கார் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் மாதம் 500 பவுண்ட் கார் அலவன்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று எச்ஆரில் சொல்லியிருக்கிறார்கள். எது லாபம் என்பது அவருடைய கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுபடியும் பெட்ரோல் கார்தான் கிடைக்கும் என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மின்கார் எடுக்க அனுமதி இருந்து, வீட்டு வாசலில் சார்ஜ் போடவும் வசதி இருந்தால், காரை விடவே விடாதீர்கள்.

நானும் மிட்லண்ட்ஸில்தான் இருக்கிறேன். மருத்துவமனைகளில் ஸ்கேன் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. நாட்டிங்ஹாம், டெர்பி, கோவன்ட்ரி என்று சாலையிலேயே பாதி நாள் போய்விடும். பெட்ரோல் கம்பெனி கார் இருந்தபோது அதை விட்டுப் பணம் வாங்கி, பழைய டொயோட்டா ஹைப்ரிட் ஒன்றை ஓட்டினேன். கம்பெனியின் பட்டியலில் மின்கார் சேர்ந்ததும் மறுபடி கம்பெனி காருக்கே வந்துவிட்டேன். இரண்டு தடவையும் ஒரே கணக்கைத்தான் போட்டேன். அதை உங்கள் சம்பளத்துக்குப் போட்டுக் காட்டுகிறேன். எல்லாம் 2025-26 வரியாண்டின் விகிதங்கள். ஸ்காட்லாந்தில் வருமான வரி வேறு. பென்ஷன் பிடித்தத்தை இதில் சேர்க்கவில்லை.

அந்த 500 பவுண்ட் அப்படியே கைக்கு வராது. அலவன்ஸ் என்பது சம்பளம்தான். வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ் என்ற சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வருடத்துக்கு 6,000 கூடினால் உங்கள் சம்பளம் 52,000 ஆகும். 40 சதவீத வரி தொடங்கும் 50,270-ஐத் தாண்டிவிடும். அதற்குக் கீழே விழும் 4,270 பவுண்டுக்கு இரண்டும் சேர்ந்து 28 சதவீதம், மேலே போகும் 1,730-க்கு 42 சதவீதம். ஆக, சுமார் 1,922 பவுண்ட் போய், மாதம் 340 கையில் நிற்கும். படிப்புக் கடன் கட்டுகிறவர் என்றால் அந்த 500-இல் இன்னும் 9 சதவீதம் போகும்.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 340 பவுண்டுக்கு என்ன கார் வரும் என்று இணையத்தில் தேட ஆரம்பிக்கிறார்கள். ஆனால் இப்போது ஓட்டும் காருக்காக உங்கள் சம்பளத்திலிருந்து எவ்வளவு வரி போய்க்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காரை விட்டால் அந்த வரி நின்றுவிடும். அதுவும் உங்களுக்கு வருகிற பணம்தான்.

கம்பெனி காருக்கு வரி போடும் முறை இது. காரின் பட்டியல் விலையை எடுத்துக்கொள்வார்கள். பி11டி மதிப்பு என்று பெயர். வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி, கூடுதலாகப் போட்ட சாமான்கள் எல்லாம் அதில் அடக்கம். கம்பெனி பேரம் பேசி எவ்வளவு குறைத்து வாங்கியிருந்தாலும் கணக்கு பட்டியல் விலைக்குத்தான். அதில் கார்பன் வெளியேற்றத்துக்கு ஏற்ற ஒரு சதவீதத்தை உங்கள் வருமானமாக வைத்து வரி போடுவார்கள். 32,000 பவுண்ட் விலையுள்ள, கிலோமீட்டருக்கு 130 கிராம் வெளியேற்றும் பெட்ரோல் காருக்கு 2025-26-இல் 32 சதவீதம். அதாவது 10,240 பவுண்ட். உங்கள் சம்பளத்தோடு இதைச் சேர்த்தால் ஒரு பகுதிக்கு 20 சதவீதம், மறுபகுதிக்கு 40 சதவீதம் என்று வருடத்துக்கு 3,242 பவுண்ட் வரி. மாதம் 270.

அதே கணக்கை 40,000 பவுண்ட் மின்காருக்குப் போடுங்கள். மின்காருக்கு 2025-26-இல் 3 சதவீதம்தான். 40,000-இல் 3 சதவீதம் 1,200. அதற்கு 20 சதவீத வரி 240. மாதம் 20 பவுண்ட். எட்டாயிரம் பவுண்ட் விலை கூடிய காருக்கு, மாதத்துக்கு 250 பவுண்ட் குறைந்த வரி.

ஆகவே பெட்ரோல் காரை விட்டால் உங்களுக்கு மாதம் மிஞ்சுவது 340-உம் 270-உம் சேர்ந்து 610 பவுண்ட். மின்காரை விட்டால் 360 மட்டும். எச்ஆரின் கடிதத்தில் இரண்டுக்கும் 500 என்று ஒரே எண்தான் இருக்கும். 610 பவுண்டில் நல்ல பழைய ஹைப்ரிட் ஒன்றைத் தவணையில் வாங்கி, இன்ஷூரன்ஸ், சாலை வரி, சர்வீஸ், டயர் எல்லாம் கட்டியும் மிச்சம் பார்க்கலாம். 360-இல் 40,000 பவுண்ட் மின்காரைச் சொந்தமாக லீஸ் எடுத்து, அதற்கு இன்ஷூரன்ஸும் போட்டு ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வரி குறையட்டும் என்று விலை குறைந்த சின்ன பெட்ரோல் காரை எடுக்கலாமே என்று தோன்றும். அந்த வழியை 2017 ஏப்ரலிலேயே அடைத்துவிட்டார்கள். கார் அல்லது பணம் என்று தேர்வு கொடுக்கப்பட்டிருந்தால், காரின் வரி மதிப்பு, நீங்கள் விட்டுக்கொடுத்த பணம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. 20,000 பவுண்ட் காருக்கு 28 சதவீதம் போட்டால் 5,600 வரும். உங்கள் அலவன்ஸ் 6,000 என்பதால் 6,000-க்கே வரி கட்டுவீர்கள். 75 கிராமும் அதற்குக் கீழும் வெளியேற்றும் கார்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. மின்காருக்கு வெறும் 3 சதவீதத்தோடு தப்பிக்க முடிவது இந்த விலக்கால்தான். அந்த 3 சதவீதம் 2026-27-இல் 4, அடுத்த ஆண்டு 5, பிறகு 7, 2029-30-இல் 9 சதவீதம் என்று ஏறும். அந்த 9 சதவீதத்திலும் 40,000 பவுண்ட் காருக்கு 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு மாதம் 60 பவுண்ட்தான்.

அதனால் எச்ஆருக்குப் பதில் எழுதும் முன் கம்பெனிக் கார்களைக் கவனிக்கும் ஃப்ளீட் பிரிவில் ஒன்று கேளுங்கள்: இந்த முறை என் பதவித் தரத்துக்கான பட்டியலில் மின்கார் இருக்கிறதா? நிறைய பேர் இதைக் கேட்காமலேயே கார், பணம் என்ற இரண்டுக்குள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் கார் நிறுத்தச் சொந்த இடம் இல்லை, தெருவில்தான் நிறுத்துகிறீர்கள் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். இரவுக் கட்டணத்தில் வீட்டில் ஏற்றினால் யூனிட்டுக்கு ஏழெட்டு பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்ட்). நெடுஞ்சாலையில் வேக சார்ஜரில் எழுபது பென்ஸுக்கு மேல் போகும். வீட்டு மின்சாரத்துக்கு வாட் 5 சதவீதம், பொது சார்ஜருக்கு 20 சதவீதம். வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீட்டில் இருந்துகொண்டு மின்கார் ஓட்டும் நண்பர்கள் இரவு ஒன்பது மணிக்குச் சூப்பர்மார்க்கெட் வாசலில் காருக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். வரியில் மிஞ்சுவதில் பெரும்பகுதி அங்கே கரைந்துவிடும்.

சரி, பணத்தையே வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 610-இலிருந்து என்னென்ன போகும் என்பதில் மிக அதிகமாக ஏமாற்றுவது இன்ஷூரன்ஸ். கம்பெனி கார் ஓட்டிய வருடங்களில் உங்கள் பெயரில் பாலிசியே இருந்திருக்காது. க்ளைம் கேட்காத வருடங்களுக்காக முன்பு சேர்த்த நோ க்ளைம்ஸ் தள்ளுபடியைப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவர் தள்ளுபடியே இல்லாமல் விலை கேட்டு நிற்க வேண்டி வரும். அதோடு, விலை ஒப்பிடும் தளங்களில் பயன்பாடு என்ற இடத்தில் சொந்த உபயோகம், அலுவலகம் போய்வருவது என்பதோடு நிறுத்தினால் தொகை குறைவாகக் காட்டும். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு வேலையாகப் போகிறவருக்கு அது செல்லாது. பிசினஸ் யூஸ் சேர்த்தே விலை கேளுங்கள். சேர்க்காமல் ஓட்டி இடித்துவிட்டால் க்ளைம் பண்ணும்போது கையை விரித்துவிடுவார்கள்.

அடுத்தது, கார் படுத்துக்கொள்ளும் நாள். எங்கள் குழுவில் திருச்சிப் பையன் ஒருவன் அலவன்ஸ் வாங்கி, பழைய ஜெர்மன் கார் ஒன்றைப் பிசிபி கடனில் (மாதத் தவணை கட்டி, கடைசியில் பெரிய தொகை கொடுத்தால்தான் கார் சொந்தமாகும்) எடுத்தான். அழகான கார். ஒரு காலையில் எனக்குப் போன். "அண்ணா, டெர்பி வேலைய இன்னைக்கு நீங்க பாத்துக்க முடியுமா? வண்டி மறுபடி கராஜ்ல நிக்குது." மதியம் கராஜ்காரர் கொடுத்த மதிப்பீட்டைப் படமெடுத்து அனுப்பினான். டைமிங் செயின், டென்ஷனர், இரண்டு நாள் கூலி, எல்லாவற்றுக்கும் கீழே 20 சதவீதம் வாட். வேலைக்குப் போக வாடகைக் கார் வேறு எடுக்க வேண்டியிருந்தது. அவனுடைய அலவன்ஸில் சில மாதங்கள் அந்த ஒரு காகிதத்திலேயே போய்விட்டன. அதே வாரம் ஏ46 சாலைக் குழியில் எனக்கு டயர் வெடித்தது. லீஸ் நிறுவனத்தின் எண்ணுக்கு ஒரு போன். ஆள் வந்து டயர் மாற்றிவிட்டுப் போனார், எனக்கு ஒரு பைசா செலவில்லை. கம்பெனி கார் என்றால் இந்தத் தலைவலியெல்லாம் வேறொருவருடையது. பணம் வாங்கினால் அது உங்களுடையது. அதனால் மாதம் நூறு பவுண்டாவது தனியாக எடுத்து வைக்க மனதும் ஒழுங்கும் இருக்கிறவர்கள்தான் அலவன்ஸ் பக்கம் போக வேண்டும் என்பேன். காரும் நம்பகமானதாக இருக்க வேண்டும். தோரணைக்காக வாங்கக் கூடாது.

வேலை போய்விட்டால் கம்பெனி காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். சொந்தக் காரின் தவணை நிற்காது. ஹையர் பர்ச்சேஸ் (தவணை முடிந்தால் கார் சொந்தமாகும்), பிசிபி கடன்களில் மொத்தத் தொகையில் பாதியைக் கட்டியிருந்தால் காரை ஒப்படைத்துவிட்டு வெளியேறும் உரிமையை 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் தருகிறது. சொந்தப் பெயரில் எடுக்கும் சாதாரண லீஸுக்கு அது கிடையாது. கையெழுத்துப் போடும் முன் எந்த வகை என்று பாருங்கள்.

வேலைக்காக நிறைய ஓட்டுகிறவருக்குப் பணத்தின் பக்கம் இன்னொரு லாபம் உண்டு. சொந்தக் காரில் அலுவல் பயணம் போனால் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸும், அதற்கு மேல் 25 பென்ஸும் வரியில்லாமல் வாங்கலாம். கம்பெனி காருக்கு எரிபொருள் காசு மட்டும்தான். உங்கள் கம்பெனி அலவன்ஸ் கொடுப்பதைக் காரணம் காட்டி மைலுக்கு 15 பென்ஸ்தான் தரும் என்றால், மீதி 30 பென்ஸுக்கு வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் வரிச் சலுகை கேட்கலாம். 8,000 மைல் ஓட்டினால் 2,400 பவுண்டுக்குச் சலுகை. 20 சதவீத வரிக்காரருக்கு 480, 40 சதவீதக்காரருக்கு 960 பவுண்ட் திரும்பி வரும். மீதித் தொகை முழுவதும் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மைல் என்று எழுதிவைத்தால்தான் கேட்க முடியும். வீட்டிலிருந்து வழக்கமான அலுவலகத்துக்குப் போவது இதில் சேராது.

சம்பளம் கூடியவர்கள் வேறு சில கோடுகளையும் பார்க்க வேண்டும். 60,000-ஐத் தாண்டினால் குழந்தைகளுக்காக அரசு தரும் சைல்டு பெனிஃபிட் தொகை குறைய ஆரம்பிக்கும், 80,000-இல் முழுவதும் போய்விடும். 1,00,000-ஐத் தாண்டினால் வரியில்லா வரம்பு தேயத் தொடங்கும். சின்னக் குழந்தை உள்ளவர்கள் வேலைக்குப் போகும் பெற்றோருக்கான இலவசப் பராமரிப்பு நேரத்தையும் இழப்பார்கள். அந்த ஓரத்தில் நிற்பவருக்கு 6,000 அலவன்ஸ் பெரிய இடி, மின்காரின் 1,200 சின்னத் தட்டு.

குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடும் பெண்கள் இதையும் கவனிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கும் சேர்த்துத் தந்த கம்பெனி கார் பேறுகால விடுப்பிலும் அவர்களிடமே இருக்க வேண்டும். கார் அலவன்ஸைச் சம்பளத்தின் பகுதி என்று சொல்லி விடுப்பில் நிறுத்திவிடும் கம்பெனிகள் உண்டு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அலவன்ஸ் விலைவாசியோடு ஏறுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். வருடக்கணக்காக அதே தொகையில் நிற்கும் அலவன்ஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்ரோல் காரையே வைத்துக்கொள்வதாக முடிவு செய்தால், சொந்தப் பயணத்துக்கும் சேர்த்துக் கம்பெனி தரும் எரிபொருள் கார்டைத் திருப்பிக் கொடுங்கள். அதற்குத் தனி வரி: 2025-26 கணக்கில் 28,200 பவுண்டில் 32 சதவீதம், அதாவது 9,024 பவுண்ட் உங்கள் வருமானத்தில் ஏறும். காரின் மதிப்பே உங்களை 50,270-க்கு மேலே கொண்டுபோய் விட்டதால் இந்த 9,024 முழுவதற்கும் 40 சதவீதம், சுமார் 3,610 பவுண்ட் வரி. அவ்வளவு பெட்ரோலைச் சொந்த வேலைக்கு ஊற்றுகிறவர் மிகக் குறைவு. கம்பெனி மின்காருக்கு ஏற்றும் மின்சாரத்துக்கு இந்த வரி இல்லை.

பணத்தைத் தேர்ந்தெடுத்தீர்களானால், சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு வேலை. காரை நன்றாகக் கழுவி, நாலு பக்கமும், சக்கர விளிம்புகளையும், உள்ளே சீட்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். லீஸ்காரர்கள் கீறலுக்குக் காசு கேட்டால் காட்டலாம். ஃப்ளீட் பிரிவிடம், இத்தனை வருடம் க்ளைம் இல்லாமல் ஓட்டினார் என்று கம்பெனித் தாளில் ஒரு கடிதம் கேளுங்கள். எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதை ஏற்றுக்கொள்ளாது, சில ஏற்றுக்கொள்ளும். போன் போட்டுப் பேசினால்தான் அது நடக்கும், இணையப் படிவத்தில் அதற்கு இடமே இருக்காது. பழைய வேலையிடத்தில் ஆட்கள் மாறிய பிறகு அந்தக் கடிதத்தை வாங்குவது மிகவும் கஷ்டம், இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.