இந்தியாவில் இருந்துகொண்டே அமெரிக்கத் தேர்தலில் வாக்களிப்பது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின் ஊருக்கே திரும்பி வந்து வாழ்கிறவர்களுக்காக இந்தக் கேள்வி பதில். நானும் அப்படி வந்தவள்தான். 2016இல் சென்னையிலிருந்து முதன்முறையாகத் தபால் வாக்கு அனுப்பினேன். அக்டோபர் நடுவில் சாதாரண விமானத் தபாலில் போட்டேன். கெடு தாண்டிப் போய்ச் சேர்ந்ததால் அது எண்ணப்படவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் விதிகளை உட்கார்ந்து படித்தேன், தெரிந்தவர்களுக்குப் படிவம் நிரப்பித் தரவும் ஆரம்பித்தேன். வரும் நவம்பர் 3, 2026 அன்று பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் தேர்தல் நடக்கிறது. அதை மனத்தில் வைத்துக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி (வேளச்சேரி): நியூ ஜெர்சி வீட்டை விற்றுவிட்டு 2021இல் வந்துவிட்டோம். அங்கே எங்களுக்கு இப்போது முகவரியே இல்லை. எந்த முகவரியைப் போடுவது அக்கா?

விற்ற வீட்டின் முகவரியையே போடுங்கள். நாட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் கடைசியாக எங்கே குடியிருந்தீர்களோ, அதுதான் உங்கள் வாக்குரிமை முகவரி. அங்கே இப்போது வேறு யார் இருந்தாலும் பரவாயில்லை. சொத்து இருக்க வேண்டும், திரும்பிப் போக வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை கிடையாது. எந்தத் தொகுதியின் வாக்குச்சீட்டை உங்களுக்கு அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகம் அதைக் கேட்கிறது. வசதியாக இருக்கும் என்று அண்ணன் வீட்டு முகவரியைப் போட்டுவிடாதீர்கள். நீங்கள் வாழாத தொகுதியில் வாக்களித்ததாக ஆகிவிடும்.

கேள்வி (கோரமங்களா): 2020இல் விண்ணப்பம் அனுப்பினேன், சீட்டு வந்தது. 2024இல் எதுவுமே வரவில்லை. என் பெயரை நீக்கிவிட்டார்களா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் மறுபடி விண்ணப்பிக்காததுதான் காரணமாக இருக்கும். நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்குத் தபால் வாக்கு தரும் இப்போதைய சட்டம் 1986இல் வந்தது. ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன், சுருக்கமாக எஃப்பிசிஏ என்ற ஒரே படிவம் வாக்காளராகப் பதிவதற்கும் வாக்குச்சீட்டு கேட்பதற்கும் சேர்த்துப் பயன்படும். ஒருமுறை அனுப்பினால் இரண்டு பொதுத்தேர்தல்வரை சீட்டு அனுப்ப வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2009இல் வந்த மூவ் சட்டம் அதை எடுத்துவிட்டது. ஆனால் பழைய நினைப்பு மட்டும் மக்களிடம் தங்கிவிட்டது.

அதே 2009 சட்டம் நமக்கு இரண்டு நல்லதும் செய்தது. சரியான நேரத்தில் கேட்டவர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள் முன்பாவது சீட்டை அனுப்பியாக வேண்டும். இந்த முறை அது செப்டம்பர் 19. இன்னொன்று, வெற்றுச் சீட்டை மின்னஞ்சல் மாதிரி ஏதாவது ஒரு மின்னணு வழியில் பெறும் வசதியை எல்லா மாநிலங்களும் தர வேண்டும். படிவத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்டனிலிருந்து பெங்களூருக்குக் காகிதம் வந்து சேரக் காத்திருந்தால் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் எஃப்பிசிஏ அனுப்புங்கள். இடம் மாறினாலும் மின்னஞ்சல் மாறினாலும் மறுபடி ஒன்று. எஃப்விஏபி என்ற அரசுத் தளத்திலேயே நிரப்பி அச்சிடலாம், கட்டணம் எதுவும் இல்லை. செப்டம்பர் கடைசியில் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் திறந்து பாருங்கள். நான் உதவியவர்களில் மூன்று பேருக்குச் சீட்டு அங்கேதான் கிடந்தது.

கேள்வி (கோவை): அப்பாவுக்கு 78 வயது. கை நடுங்குகிறது, கையெழுத்து முன்னைப்போல் இல்லை. அவருக்காக நானே நிரப்பிக் கையெழுத்துப் போடலாமா?

கையெழுத்தை நீங்கள் போடவே கூடாது தம்பி. அது குற்றம். ஆனால் உதவலாம். பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ள வாக்காளர், தான் விரும்பிய ஒருவரின் உதவியோடு வாக்களிக்கலாம் என்று வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு சொல்கிறது. வேலை கொடுத்தவரும் தொழிற்சங்க ஆளும் மட்டும் கூடாது. மகன் தாராளமாக உதவலாம். அப்பா சொல்லும் பெயருக்கு எதிரே நீங்கள் குறியிடலாம். உதவியவர் தன் பெயரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்கும் மாநிலங்கள் உண்டு, உறையில் இருக்கும் குறிப்பை நிதானமாகப் படியுங்கள்.

அவருடைய பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாநிலம் என்றால், இப்போதே புதிய எஃப்பிசிஏ ஒன்றை இன்றைய கையெழுத்தோடு அனுப்பிவிடுங்கள். கோப்பில் புதிய மாதிரியும் சேர்ந்துவிடும். படிவத்தில் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கட்டாயம் எழுதுங்கள். கையெழுத்து பொருந்தவில்லை என்றால் கூப்பிட்டுச் சொல்லி, சரிசெய்ய அவகாசம் தரும் மாநிலங்கள் பல இருக்கின்றன. உங்களைப் பிடிக்க வழி இல்லையென்றால் அவர்களும் என்ன செய்வார்கள்?

அப்பா பொறுமையாக உட்கார்ந்து, தானே தேர்ந்தெடுக்கட்டும். குடியுரிமை உறுதிமொழி எடுத்த மனிதர் அவர்.

கேள்வி (தி.நகர்): சீட்டை எப்படித் திருப்பி அனுப்புவது? கூரியரா, தூதரகமா?

முதலில் உங்கள் மாநிலம் எதை ஏற்கிறது என்று பாருங்கள். மாசசூசெட்ஸ் மின்னஞ்சலிலேயே வாங்கிக்கொள்கிறது. கலிஃபோர்னியா தபாலும் ஃபேக்ஸும் ஏற்கும். பென்சில்வேனியாவுக்குக் காகிதம்தான் போக வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் வாக்கின் ரகசியத்தை ஓரளவு விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

காகிதம் என்றால், அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கொடுக்கலாம். அமெரிக்க உள்நாட்டுத் தபால் கட்டணம் செலுத்தப்பட்ட உறையில் இருக்க வேண்டும். அந்த உறையின் அச்சு மாதிரி எஃப்விஏபி தளத்திலேயே கிடைக்கும். தூதரகப் பையில் அமெரிக்கா போய் அங்கே தபாலில் சேரும். உங்களுக்குச் செலவில்லை, ஆனால் மூன்று நான்கு வாரம் ஆகலாம். எந்த நேரத்தில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று முன்கூட்டியே அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். செப்டம்பர் முடிவதற்குள் என்றால் தூதரகம், அக்டோபர் பாதி தாண்டிவிட்டால் கூரியர் என்பது என் கணக்கு. கூரியர்காரர்கள் அஞ்சல் பெட்டி எண்ணுக்குக் கொண்டுபோய்த் தரமாட்டார்கள். தேர்தல் அலுவலகத்தின் தெரு முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அச்சிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஏ4 தாள் அமெரிக்கத் தாளைவிடக் கொஞ்சம் நீளம், அகலம் குறைவு. அதனால் வாக்கு செல்லாமல் போகாது. வீட்டில் அச்சிட்டு வரும் சீட்டுகளைத் தேர்தல் ஊழியர்கள் இயந்திரம் படிக்கும் சீட்டில் அப்படியே பார்த்துப் பதிந்துதான் எண்ணுவார்கள். ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டால், அந்தக் கணினியில் உங்கள் கோப்பை அழித்துவிட்டு, மின்னஞ்சலிலிருந்தும் வெளியேறிவிட்டு வாருங்கள்.

கேள்வி (மதுரை): அக்டோபர் 10 ஆகியும் சீட்டு வராவிட்டால்?

அதற்கென்றே ஒரு பொது வாக்குச்சீட்டு இருக்கிறது, அதே எஃப்விஏபி தளத்தில் கிடைக்கும். வேட்பாளரின் பெயரையோ கட்சியின் பெயரையோ நீங்களே எழுதி அனுப்பலாம். ஆனால் முன்பே முறையாக விண்ணப்பித்திருக்க வேண்டும். பிறகு அசல் சீட்டு வந்துவிட்டால் அதையும் நிரப்பி அனுப்புங்கள். இரட்டை வாக்கு ஆகிவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். ஆகாது, ஒன்றைத்தான் எண்ணுவார்கள்.

கேள்வி (திருச்சி): வாக்களித்தால் கலிஃபோர்னியா அரசு வருமான வரி கேட்குமா?

அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை போன்ற ஃபெடரல் பதவிகளுக்கு மட்டும் வாக்களித்தால், வரிக்காக உங்களை அந்த மாநிலத்துக்காரராகக் கருதக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆளுநர், மேயர் தேர்தல்களிலும் வாக்களிக்க நினைத்தால் வரி ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): மகள் இங்கேயே பிறந்தவள், அமெரிக்கக் குடியுரிமை உண்டு. 18 முடிந்துவிட்டது. அங்கே வாழ்ந்ததே இல்லை.

பெற்றோரின் கடைசி முகவரியை வைத்து வாக்களிக்கப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன, எல்லாம் இல்லை. எஃப்பிசிஏ-வில் "அமெரிக்காவில் ஒருபோதும் வாழ்ந்ததில்லை" என்பதற்கே தனிக் கட்டம் இருக்கிறது. அவளுக்கு என் வாழ்த்து.

கேள்வி (சேலம்): எனக்கு கிரீன் கார்டுதான். இருபது வருடமாக வரி கட்டுகிறேன். விண்ணப்பித்துப் பார்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். ஃபெடரல் தேர்தலில் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம். குடிமகன் என்று பொய்யாகக் குறித்தால் கிரீன் கார்டே போய்விடலாம், நாடு கடத்தவும் செய்யலாம்.

கேள்வி (துபாய்): நான் இந்தியக் குடிமகன். தமிழ்நாட்டுத் தேர்தலுக்கு இதே மாதிரி தபால் வாக்கு கிடைக்குமா?

வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கு இன்றைக்கு அந்த வசதி இல்லை. 2010 சட்டத்திருத்தத்தின்படி படிவம் 6ஏ மூலம் பட்டியலில் சேரலாம். ஆனால் வாக்குப்பதிவு நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தாக வேண்டும். பதிலாள் மூலம் வாக்களிக்க வகைசெய்யும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் நிறைவேறாமலே காலாவதியாகிவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பதிந்திருந்த வெளிநாட்டு வாக்காளர் சுமார் 1.19 லட்சம் பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர்தான், அதிலும் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள். விமானச் சீட்டு வாங்கி வர முடிந்தவர்களுக்கு மட்டும் ஓட்டு என்பது நியாயமே இல்லை.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகும் மயிலாப்பூர் பட்டியலில் பெயர் இருக்கிறதே, போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு இங்கே வாக்குரிமை இல்லை. படிவம் 7 கொடுத்துப் பெயரை நீக்கிவிடுங்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை): போட்டி நெருக்கமாக இருந்தால்தான் தபால் வாக்கை எண்ணுவார்களாமே?

இல்லவே இல்லை. கெடுவுக்குள் முறையாக வந்து சேர்ந்த எல்லாமே எண்ணப்படும். முடிவை முன்கூட்டியே தொலைக்காட்சியில் சொல்லிவிடுவதால் அப்படித் தோன்றுகிறது. 2000இல் ஃப்ளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் அதிபர் யார் என்று தீர்ந்தது. அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த உறைகளில் தபால் முத்திரை இல்லாதவற்றை எண்ணலாமா என்பதே பெரிய வழக்காயிற்று.

உங்கள் சீட்டு போய்ச் சேர்ந்ததா என்று இலவசமாகப் பார்க்கும் வசதியையும் மாநிலங்கள் தந்தாக வேண்டும். அனுப்பியதிலிருந்து இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். "பெறப்பட்டது" என்று வராவிட்டால் அன்றைக்கே கவுண்டிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவர்கள் பகல் நமக்கு இரவு, பதில் அடுத்த நாள் காலையில் வந்திருக்கும்.