எஞ்சினை ரீமேப் செய்தால் வாரண்டி என்ன ஆகும்?

கேள்வி: டர்போ டீசல் 4x4 வைத்திருக்கிறேன். வாங்கி ஓராண்டு ஆகிறது, வாரண்டி இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. 265/70 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 285/75 ஆர்16 போட்ட பிறகு மேட்டிலும் மணலிலும் புல்லிங் குறைந்துவிட்டது. ரீமேப் செய்தால், அதாவது எஞ்சினின் மென்பொருளை மாற்றி எழுதினால், 30 குதிரைத்திறன் கூடும் என்கிறார் ஒரு டியூனர். சர்வீஸுக்கு விடும்போது பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றிக் கொடுத்துவிடுவாராம், யாருக்கும் தெரியாதாம். நம்பலாமா?

பதில்: தயவுசெய்து நம்பாதீர்கள். நாளைக்கு எஞ்சின் போனால் சர்வீஸ் சென்டரில் நிற்கப்போவது நீங்கள்தான், அவர் இல்லை.

பல வண்டிகளில், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில், மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு உள்ளேயே பதிவாகும். பழையதைத் திரும்ப ஏற்றினால் மென்பொருள் பழையபடி ஆகுமே தவிர, அந்தக் கணக்கு குறையாது, இன்னும் ஒன்று கூடும். சிவிஎன் என்ற சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது. மென்பொருளில் எங்காவது ஓரிடம் மாறியிருந்தாலும் அந்த எண் மாறிவிடும், ஸ்கேனரை மாட்டினால் திரையில் தெரிந்துவிடும். நடுக்காட்டில் எஞ்சின் நின்று, வண்டி டோ டிரக்கில் ஏறி நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனால், பழைய மென்பொருளை ஏற்ற உங்களுக்கு நேரம் ஏது? ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் டியூனிங் தெரியவந்தால், நிறுவனத்தின் பதிவில் அந்த வண்டிக்கு டிடி1 என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் வேறு சர்வீஸ் சென்டருக்கு மாற்றிக்கொண்டு போனாலும் அந்தக் குறி கூடவே வரும்.

ரீமேப் வேண்டாம், கழற்றி மாட்டும் டியூனிங் பாக்ஸ் போதும் என்று அடுத்து சொல்வார்கள். அது ஈசியூவைத் தொடுவதில்லை என்பது உண்மைதான். சாதாரண டீசல் பாக்ஸ் செய்யும் வேலை இதுதான்: எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருப்பதைவிட அழுத்தம் குறைவாக இருப்பதாகச் சொல்லும். ஈசியூ அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். அதாவது, எஞ்சினைக் காக்க வேண்டிய ஈசியூவுக்கே உண்மையான அழுத்தம் தெரியாமல் போகிறது. அளவு மீறினால் பி0088, டர்போ அழுத்தம் கூடினால் பி0234 என்று கோளாறு எண்கள் பதிவாகலாம். பாக்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாலும், உருகிய பிஸ்டன் தலையைக் கையில் எடுத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் எதை மறைப்பது?

சரி, வாரண்டி முழுவதும் போய்விடுமா? பொதுவாக அப்படி இல்லை. டியூனிங் செய்ததால் வைப்பர் மோட்டாருக்கோ ஏசிக்கோ வாரண்டி இல்லை என்று சொல்வதில் நியாயம் கிடையாது. அமெரிக்காவில் 1975-இல் வந்த மாக்னுசன்-மாஸ் சட்டத்தின் கீழ், வெளிப்பாகம் போட்டிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது, பழுதுக்கு அதுதான் காரணம் என்று நிறுவனம் காட்ட வேண்டும். ஆனால் எஞ்சின், டர்போ, கிளட்ச், கியர்பாக்ஸ் விஷயத்தில் அப்படிக் காட்டுவது அவர்களுக்குச் சிரமமே இல்லை. கூடுதல் டார்க் நேராகப் போய் இறங்குவது இந்தப் பாகங்களில்தான். அதுவும் வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்ச் கியரில் கல்லிலும் சேற்றிலும் ஊர்ந்து போகும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, பாரமோ முழுசாக இருக்கும், சூடு இறங்க வழி இருக்காது. நெடுஞ்சாலையில் பத்து விநாடி முந்துவதற்குத் தாங்கும் டியூனிங், அரை மணி நேரம் மணல் மேடு ஏறுவதற்கும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது டயருக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. பழைய டயரின் விட்டம் சுமார் 30.6 அங்குலம், புதியது 32.8. அதாவது 7 சதவீதம் பெரிது. எல்லா கியரும் 7 சதவீதம் நீண்டுவிட்டது போலத்தான், சக்கரத்தில் இழுவை அதே அளவு குறையும். டயரின் எடை வேறு கூடியிருக்கும். எஞ்சின் அப்படியேதான் இருக்கிறது. இதற்கு நேரான வைத்தியம், ஆக்ஸிலில் இருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் டிஃபரன்ஷியலின் பல்சக்கர விகிதத்தை (ரேஷியோ) மாற்றுவது, அல்லது டயரில் ஓர் அளவு இறங்குவது. ரேஷியோ மாற்றினால் ஆக்ஸில் வாரண்டியில் கேள்வி வரும், முன்னும் பின்னும் சேர்த்தே மாற்ற வேண்டும், செலவும் உண்டு. ஆனால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸையும் கையால் தடவிப் பாருங்கள். புல்லிங் இல்லை என்று ரீமேப்புக்கு நாள் குறித்துவிட்டிருந்த ஒரு நண்பரின் வண்டியில், கிளாம்புக்கு அடியில் விரல் வைத்தால் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஹோஸில் ஒரு நகம் நீளத்துக்கு வெடிப்பு. ஹோஸை மாற்றியதும் பழைய இழுவை வந்துவிட்டது. மணலில் இறங்கும்போது டயரில் காற்றைக் குறைக்கிறீர்களா என்பதையும் யோசியுங்கள். அங்கே 30 குதிரைத்திறனைவிட அது அதிகம் உதவும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திறன் வேண்டும் என்றால், வண்டியைத் தயாரித்த நிறுவனமே வாரண்டியோடு தரும் மேம்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபோர்டு தன் பெர்ஃபார்மன்ஸ் பிரிவு வழியாக ரேஞ்சருக்கு அப்படிக் கொடுத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால் இரண்டு ஆண்டு பொறுங்கள். வாரண்டி முடிந்ததும் செய்யலாம், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு.

கேள்வி: ஆக்ஸிலரேட்டர் பெடலில் மாட்டும் த்ராட்டில் கன்ட்ரோலர் போட்டால் திறன் கூடுமா?

பதில்: கூடாது. பாதி மிதித்ததை முக்கால் மிதித்ததாக ஈசியூவுக்குச் சொல்லும், அவ்வளவுதான். எஞ்சினுக்கு ஆபத்து குறைவு. ஆனால் பாறைமேல் ஏறும்போது கால் லேசாக ஆடினாலும் வண்டி துள்ளும். அங்கே பெடல் மெதுவாக இருப்பதுதான் நல்லது.

கேள்வி: ஸ்டேஜ் 1 டியூனிங் (பாகங்களை மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றுவது) செய்த பழைய 4x4 விற்பனைக்கு வருகிறது. "வாரண்டி இன்னும் ஓராண்டு இருக்கிறது" என்கிறார் உரிமையாளர். வாங்கலாமா?

பதில்: எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வாரண்டி இல்லாத வண்டி என்று வைத்து விலை பேசுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் சேசிஸ் எண்ணைச் சொல்லி, நிறுவனப் பதிவில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டரைக் கழற்றியிருக்கிறார்களா என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கழற்றியிருந்தால் விட்டுவிடுங்கள், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். வாங்குவதாக முடிவு செய்தால் டியூனரிடம் இருக்கும் அசல் மென்பொருளின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது கோளாறு வந்தால், வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து காரணம் தேட அது வேண்டும்.