தண்டையார்பேட்டையில் பத்தாவது படிக்கும் தம்பியைக் காலேஜுக்கு எப்படித் தயார் செய்வது?

வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போகப்போகிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் பதினொன்றாம் வகுப்பு குரூப்பை நிதானமாக எடுக்கட்டும்; இன்ஜினியரிங் சேர்க்கைக்குப் பார்க்கும் கட்-ஆஃப் மதிப்பெண் 200-ல் கணக்குக்கு மட்டுமே 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. அரசுப் பள்ளியிலேயே ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தால் இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, அதனால் பாதியில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள், எங்கள் தெருவிலேயே அப்படி மாற்றிவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், சீட் ஒதுக்கும் கவுன்சலிங் வரை தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், ஒருநாள் வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரிப் பக்கம் கூட்டிப்போய், அங்கே படிக்கிற அண்ணன்களிடம் அவனையே பேசவிடுங்கள்.