ரொக்கமாகக் கட்டினால் டீலருக்குச் சந்தோஷமா?

கேள்வி: புதுக் கார் வாங்க முழுப் பணமும் கையில் இருக்கிறது. மொத்தமாகக் கட்டினால் நல்ல தள்ளுபடி கிடைக்கும் என்று நினைத்து ஷோரூமில் போன உடனேயே அதைச் சொல்லிவிட்டேன். விற்பனையாளர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. லோன் போட்டால் 25,000 குறைக்கலாம், ரொக்கம் என்றால் இதுதான் விலை என்கிறார். அதோடு, என் பணத்தை டெபாசிட்டில் போட்டுவிட்டுக் கடனில் வண்டி எடுத்தால் எனக்குத்தான் லாபம் என்று கால்குலேட்டரில் தட்டியும் காட்டினார். பார்த்தால் சரி மாதிரிதான் இருக்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த முகத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

மொத்தப் பணம் என்றால் விற்பவருக்கு இனிக்கும் என்பது பழைய சந்தைக் கணக்கு. கடனுக்கு மாடு விற்றவனுக்குப் பணம் வருமா வராதா என்ற பயம் இருந்தது, அதனால் கையில் காசு வைத்திருப்பவனுக்கு விலை குறைந்தது. கார் ஷோரூமில் அந்தப் பயமே கிடையாது. நீங்கள் லோனில் எடுத்தாலும் டீலருக்கு முழுப் பணமும் நிதி நிறுவனத்திடமிருந்து மொத்தமாக வந்துவிடுகிறது, தவணை கட்டுகிறீர்களா இல்லையா என்பது அவர் தலைவலி இல்லை. ஆக இரண்டு வழியிலும் அவருக்கு ரொக்கம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று, லோன் போட்டால் அதற்கு மேல் கமிஷனும் வருகிறது. புது வண்டி விற்பதில் டீலருக்கு நிற்கும் லாபம் பெரும்பாலும் மெல்லியதுதான். லோன், இன்சூரன்ஸ், கூடுதல் வாரண்டி, சீட் கவர் முதலான சாமான்கள், நாளைக்கு வரப்போகும் சர்வீஸ், இதில்தான் கடை ஓடுகிறது. "முழுப் பணமும் இருக்கிறது" என்று வாசலிலேயே சொன்னபோது, அந்த வரிசையில் முதல் வருமானத்துக்கு நீங்களே கதவைச் சாத்திவிட்டீர்கள். அப்புறம் முகம் எப்படி மலரும்!

பல இடங்களில் விஷயம் கமிஷனோடு நிற்பதும் இல்லை. நிதி நிறுவனம் ஒரு வட்டி சொல்லும், டீலர் அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றி உங்களிடம் சொல்வார், ஏற்றியதில் அவருக்குப் பங்கு. பிரிட்டனில் இது ரொம்பப் பரவலாக இருந்ததால்தான், வட்டியை ஏற்ற ஏற்ற டீலர் கமிஷன் கூடும் ஏற்பாட்டை அங்கிருக்கும் நிதி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிஏ 2021 ஜனவரி 28 முதல் தடை செய்தது. எல்லா நாட்டிலும் அப்படித் தடை இல்லை. ஆகவே டீலர் சொல்லும் வட்டியைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வங்கியில் இதே தொகைக்கு என்ன வட்டி என்று ஒரு கடிதமோ மின்னஞ்சலோ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், பல நேரம் அந்த இடத்திலேயே குறைகிறது.

இப்போது அந்த கால்குலேட்டர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் படித்தவர்கள், கணக்கு தெரிந்தவர்கள் எல்லாம் விழுகிற குழி இது.

விலை 10 லட்சம், 2 லட்சம் முன்பணம், மீதி 8 லட்சம் கடன், வட்டி 9%, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். மாதத் தவணை சுமார் 16,607 வரும். ஐந்து வருடத்தில் மொத்த வட்டி சுமார் 1,96,000. விற்பனையாளர் சொல்வது இதுதான்: "உங்கள் 8 லட்சத்தை 7% டெபாசிட்டில் போடுங்கள் சார், ஐந்து வருடத்தில் 11,22,000 ஆகும். வட்டி வரவு 3,22,000, வட்டி செலவு 1,96,000. ஒன்றே கால் லட்சம் உங்களுக்கு லாபம்!" 9 சதவீதத்துக்கு வாங்கி 7 சதவீதத்துக்குக் கொடுத்தால் லாபம் வருமா என்று சின்னப் பையனைக் கேட்டாலும் சிரிப்பான், ஆனால் தாளில் எழுதிக் காட்டும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், மாதம் 16,607 எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லவில்லை. அது உங்கள் சம்பளத்திலிருந்து வருகிறது. ரொக்கமாக வாங்கியவருக்கும் அதே சம்பளம் வருகிறதே, தவணை இல்லாததால் அந்த 16,607 மாதாமாதம் அவர் கையில் நிற்கிறதே! அவரும் அதை அதே 7% டெபாசிட்டில் மாதம் தவறாமல் போட்டால் ஐந்து வருட முடிவில் சுமார் 11,82,000 சேர்ந்திருக்கும். கடனில் வாங்கியவரிடம் 11,22,000. இருவரிடமும் ஒரே கார், இருவரும் மாதாமாதம் வெளியே எடுத்தது ஒரே தொகை, ரொக்கக்காரர் 60,000 முன்னால் நிற்கிறார். டெபாசிட் வட்டிக்கு வரி கட்ட வேண்டிய இடமாக இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 7 கூட இல்லை, இடைவெளி இன்னும் கூடும்.

ஆக விதி ரொம்ப எளிது, வரி போக உங்களுக்கு உறுதியாகக் கிடைக்கும் வட்டி கடன் வட்டியை விட அதிகமாக இருந்தால்தான் கடன் லாபம். "பங்குச் சந்தையில் 15% எடுப்பேன்" என்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. தவணை ஒவ்வொரு மாதமும் நிச்சயம், அந்த 15 நிச்சயம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 60,000 கிடைப்பது, தவணை இல்லாத அந்தப் பணத்தை நிஜமாகவே மாதாமாதம் எடுத்து வைப்பவருக்குத்தான். நம்மில் பாதிப் பேர் எடுத்து வைக்க மாட்டோம், இரண்டாவது மாதம் புது போன் வந்துவிடும். ரொக்கம் கட்டப் போகிறீர்கள் என்றால் வண்டி எடுத்த மறுநாளே அந்தத் தொகைக்கு ஒரு மாதாந்திர டெபாசிட் தானாகப் பிடிக்கும்படி போட்டுவிடுங்கள்.

வட்டி சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். "7 சதவீதம்தான்" என்றால் அது பிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா என்று கேளுங்கள். பிளாட் என்றால் நீங்கள் கட்டித் தீர்த்த அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். 8 லட்சத்துக்கு 7% பிளாட், ஐந்து வருடம் என்றால் வட்டி 2,80,000, தவணை சரியாக 18,000. இதைக் குறையும் நிலுவைக் கணக்கில் மாற்றினால் கிட்டத்தட்ட 12.5% ஆகிறது. மேலே பார்த்த 9% கடனை விட இது விலை அதிகம், காதில் விழும்போது மலிவு. தவணை எவ்வளவு என்பதை மட்டும் பேசுகிறவரிடமும் இதே எச்சரிக்கை. அதே 9% கடனை ஏழு வருடமாக நீட்டினால் தவணை 12,871 ஆகக் குறையும், வட்டி 1,96,000-லிருந்து 2,81,000 ஆக ஏறும். "மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் விலை, வட்டி, காலம், பழைய வண்டியின் மதிப்பு எல்லாவற்றையும் அதற்குள் எப்படி வேண்டுமானாலும் அடைத்துவிடலாம்.

பூஜ்ய வட்டி என்று விளம்பரம் வரும், அதுவும் இலவசம் இல்லை. பொதுவாக அதை எடுத்தால் ரொக்கத் தள்ளுபடி கிடையாது. 10 லட்சம் வண்டிக்கு ரொக்கமென்றால் 60,000 தள்ளுபடி, இல்லாவிட்டால் முழு 10 லட்சத்தையும் 36 மாதம் வட்டியில்லாமல் கட்டலாம் என்றால், நீங்கள் விட்டுக்கொடுத்த அந்த 60,000 தான் வட்டி. கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 4%. உங்கள் டெபாசிட் வரி போக 4-க்கு மேல் கொடுத்தால் பூஜ்ய வட்டியை எடுங்கள், நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். கொடுக்காவிட்டால் தள்ளுபடி. ஆகவே இப்படி ஒரு விளம்பரம் பார்த்தால் "ரொக்கமென்றால் எவ்வளவு குறையும்?" என்பதுதான் முதல் கேள்வி.

சரி, உங்கள் 25,000-க்கு வருவோம். லோன் போட்டால் அவர் குறைப்பது அவருக்கு வரும் கமிஷனிலிருந்து ஒரு துண்டு. அதை வாங்கிக்கொண்டு கடனைச் சீக்கிரம் அடைத்துவிடலாமா? அடைக்கலாம், பலர் செய்வதுதான், ஆனால் ஒப்பந்தத்தில் முன்கூட்டி அடைப்பதற்கு என்ன கட்டணம் என்பதைப் பொறுத்து லாபம் நஷ்டமாகிவிடும். 8 லட்சம் 9% கடனை மூன்று தவணை கட்டிவிட்டு அடைத்தால் அதுவரை வட்டி சுமார் 17,760 போயிருக்கும், நிலுவை சுமார் 7,68,000. முன்கூட்டி அடைக்க 3% கட்டணம் என்றால் அது 23,000. இரண்டும் சேர்ந்து 40,000 தாண்டிவிட்டது, 25,000 தள்ளுபடிக்கு 40,000 கொடுத்தது மிச்சம். கட்டணம் இல்லையென்றால் 25,000-க்கு எதிரே 17,760, அதில் விண்ணப்பக் கட்டணம், பத்திரச் செலவு என்று இன்னும் கொஞ்சம் போனால் கையில் நிற்பது சொற்பம். ஒரு மாதத்திலேயே அடைத்தால் வட்டி 6,000 தான், அப்போது நன்றாகவே மிஞ்சும். ஆனால் சில ஒப்பந்தங்களில் இத்தனை மாதத்துக்கு முன் அடைக்கவே கூடாது என்று இருக்கும், கட்டணம் இல்லாத கடனிலும் "ஆறு மாதமாவது ஓட்டுங்கள் சார்" என்று விற்பனையாளர் கெஞ்சுவார். சீக்கிரம் அடைத்தால் நிதி நிறுவனம் அவர் கமிஷனைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு, அதனால்தான். அவர் கெஞ்சல் உங்களைக் கட்டுப்படுத்தாது, கையெழுத்துப் போட்ட தாள் கட்டுப்படுத்தும், அதைப் படியுங்கள்.

உங்கள் ஷோரூமில் ஏற்கனவே உண்மையைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. வேறு இரண்டு மூன்று டீலர்களிடம் அதே மாடல், அதே வகை, அதே நிறத்துக்கு, வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வண்டி கைக்கு வர மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை, "ரொக்கம், உங்கள் லோன், என் வங்கி லோன் மூன்றும் யோசிக்கிறேன், முதலில் விலையை முடிப்போம்" என்றால் போதும், அது நிஜமும்கூட. விலை எழுத்தில் வந்த பிறகு கட்டும் முறை. பழைய வண்டி கொடுப்பதாக இருந்தால் அது மூன்றாவது பேச்சு, ஒன்றோடு ஒன்று கலக்க விடாதீர்கள். நானே என் முதல் காரில் இதைக் கோட்டைவிட்டேன். புது வண்டிக்கு நல்ல தள்ளுபடி வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், பழைய வண்டிக்கு அதே அளவு குறைத்துப் போட்டிருந்தார்கள்.

கணக்கில் ரொக்கம்தான் லாபம் என்று வந்த பிறகும் நான் ஒருவரிடம் ரொக்கம் வேண்டாம் என்று சொல்வது ஒரே நிலையில்தான், அந்தப் பணத்தைக் கட்டினால் கையில் வேறு எதுவும் மிஞ்சாது என்ற நிலையில். கார் வாங்கி மூன்றாவது மாதம் வேலை போனால் காரின் கதவைக் கழற்றி விற்று அரிசி வாங்க முடியாது. ஆறு மாதக் குடும்பச் செலவுக்குக் கைப்பணம் தனியாக இருக்க வேண்டும், அது போக மிச்சம் எவ்வளவோ அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு மட்டும், முடிந்த அளவு குறுகிய காலத்துக்குக் கடன் எடுங்கள். முன்பணமே இல்லாமல் நீண்ட காலக் கடன் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வண்டியின் மதிப்பு முதல் ஓரிரு வருடத்தில் வேகமாக இறங்கும், கடன் மெதுவாக இறங்கும், நடுவில் விற்க நேர்ந்தால் விற்ற காசு கடனை அடைக்கப் போதாது. கடைசியில் ஒரு பெரிய தொகை நிற்கும்படி தவணையைக் குறைத்துக் காட்டும் திட்டங்களில் இது இன்னும் மோசம்.

ரொக்கம் என்று முடிவு செய்தால் நோட்டுக் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். பல நாடுகளில் நோட்டாகக் கொடுக்க உச்சவரம்பு உண்டு, சில இடங்களில் பெரிய தொகை வாங்கினால் டீலர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். வங்கி வழியாக, டீலர் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், விற்பனையாளரின் சொந்தக் கணக்குக்கு ஒரு பைசா கூட வேண்டாம். முன்பதிவுக்குச் சிறு தொகை, மீதி வண்டியின் சேஸிஸ் எண் போட்ட பில் கைக்கு வந்த பிறகு.

கடன் எடுத்து அடைத்தீர்கள் என்றால் பாக்கியில்லை என்ற சான்றிதழை வாங்குவதோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டியின் பதிவில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதை நீக்கச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், இன்சூரன்ஸ் பாலிசியிலும் அந்தப் பெயர் இருக்கும், இரண்டையும் அதே மாதத்தில் எடுத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போது அந்தப் பெயர் நின்றால், அதற்குள் பெயர் மாறிய, வேறு நிறுவனத்தோடு சேர்ந்துவிட்ட அந்தக் கம்பெனியைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டும்.